டிசம்பர் லீவில் நண்பர்களோடு கடலோர வீடு: கண்ணூர் பக்கம் போங்கள் என்று ஏன் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: "நான்கு நண்பர்களின் குடும்பங்கள், குழந்தைகளோடு மொத்தம் பதினோரு பேர். டிசம்பர் கடைசி வாரம் எல்லோருக்கும் லீவு. ஹோட்டல் வேண்டாம், கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாகத் தங்க ஆசை. ஈசிஆர் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். சரியாக வருமா? என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?"

நீங்கள் கடலைப் பார்க்கப் போகிறீர்களா, கடலில் இறங்கப் போகிறீர்களா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். பார்க்க மட்டும் என்றால் ஈசிஆர் வீடே போதும். மார்கழி மழையில் வராந்தாவில் உட்கார்ந்து வாடைக் கடலைப் பார்ப்பது தனி சுகம். ஆனால் குழந்தைகள் காலையும் மாலையும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்று நினைத்தால் டிசம்பரில் நம் கிழக்குக் கரை வேண்டாம். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் மேற்குக் கரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்லும் ஊர் கண்ணூர். கல்லூரி நண்பர்கள் நாங்கள் ஐந்து பேர், இப்போது ஐந்து குடும்பம், ஒன்பது டிசம்பர்களை அந்தக் கரையில் கழித்திருக்கிறோம். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் காற்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை அது கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று. அலையைத் தூக்கித் தூக்கிக் கரையில் போடும். அதே காற்று தமிழ்நாட்டைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டிக் கேரளக் கரைக்குப் போகும்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றாகிவிடுகிறது. கரையில் அலை எழும்ப இடமில்லை. ஜூன், ஜூலையில் கதை தலைகீழ்: அங்கே கடல் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். டிசம்பரில் கண்ணூர்க் கடல் காலை ஏழு மணிக்கு எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும் கொஞ்சம் அலை வரும், அதுவும் குழந்தைகள் விளையாடும் அளவுதான். பகலில் வெயில் 32, 33 டிகிரி, விடியற்காலையில் ஒரு போர்வை. மழை அநேகமாக இருக்காது.

புயலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வர்தா சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது டிசம்பர் 12. 2022-இல் மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம் வந்தது டிசம்பர் 9 இரவு. 2011-இல் தானே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே புகுந்தது டிசம்பர் 30, நீங்கள் லீவு எடுக்கும் அதே வாரம். எல்லா வருஷமும் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் பதினோரு பேர் லீவையும் ஒன்றாகச் சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு! அதைக் கொண்டுபோய் வங்கக் கடலின் புயல் மாதத்தில் பணயம் வைக்காதீர்கள்.

எப்படியும் கிழக்குக் கரைதான் என்று முடிவானால், டிசம்பர் 26 அன்று கொஞ்சம் அடக்கமாக இருங்கள். 2004-இல் சுனாமி வந்த நாள் அது. நாகை, கடலூர்ப் பக்க மீனவர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள்; கரைக்கு வந்து பால் ஊற்றிப் பூத்தூவி நிற்பார்கள். பக்கத்து வீட்டில் குழந்தையை இழந்த தாய் இருக்கலாம். அன்று காலையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவது கூடாது.

சரி, கண்ணூருக்கு வருவோம். நகரத்துக்கு அருகே பய்யாம்பலம் பெரிய கடற்கரை, கூட்டமும் அங்கேதான். நீங்கள் தேட வேண்டியது தெற்கே தோட்டடா, கிழுன்னா, ஏழரா என்று வரிசையாக வரும் சின்னக் கடற்கரைகள். அங்கே கரை ஒரே நீளமாக இருக்காது. சிவந்த பாறை மேடு, அதன் கீழே அரைவட்டமாக மணல், திரும்பவும் பாறை மேடு. மேட்டின் மேல் தென்னந்தோப்பு, தோப்புக்குள் வீடு, வீட்டிலிருந்து கீழே இறங்கப் படி. வீடுகளே அந்தச் சிவப்புக் கல்லால் கட்டியவை. வெட்டுக்கல் என்பார்கள்: பூமிக்குள் இருக்கும்போது வெட்ட வரும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிவிடும். நண்பகலில்கூட அந்தச் சுவர்கள் குளிர்ச்சியாக இருக்கும். ஏசி இல்லாத வீடு என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது போட்டோவில் கடல் எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்று பார்ப்பதைவிடக் கிணற்றைப் பற்றி விசாரியுங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இரண்டாம் வருஷம் எடுத்த வீடு கிட்டத்தட்ட மணலிலேயே நின்றது. முதல் நாள் தண்ணீர் இனித்தது. மூன்றாம் நாள் காபி ஒரு மாதிரி இருக்கிறதே என்று எல்லோரும் பால்காரரைக் குறை சொன்னோம். நான்காம் நாள் சோப்பு நுரைக்கவில்லை. கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும், எடை குறைவு என்பதால். நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு சாண் இறைத்தால்கூடக் கீழே உப்பு மடமடவென்று ஏறி வரும். இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டுக் கிணற்றில் பதினான்கு பேர் நாளைக்கு மூன்று முறை மோட்டார் போட்டால் வேறென்ன நடக்கும்? வீட்டுக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: பத்துப் பேர் ஒரு வாரம் தங்கினால் தண்ணீர் தாங்குமா, மே மாதத்தில் கிணற்றில் உப்புத் தட்டுகிறதா? மேட்டின் மேல் இருக்கும் வீடு என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் அடுத்த வருஷமே மேட்டுக்கு மாறிவிட்டோம். கடலுக்கு நாற்பது படி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கழிப்பறை. நான்கு பேருக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். சமைக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். வெளியே ஒரு குழாய் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், மணல் காலோடு பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தால் வீடு பெருக்கியே லீவு முடிந்துவிடும்.

இனி கடலில் இறங்குவது. அமைதியான கடல்தான், ஆனாலும் இந்தப் பகுதியை உங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். கரையில் வந்து விழும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கொஞ்சம் கறுத்து அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அலையில்லாத இடம் என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள். இந்தச் சின்னக் கடற்கரைகளில் அந்த இழுப்பு பெரும்பாலும் பாறையை ஒட்டியே ஓடும். ஓடையோ உப்பங்கழியோ கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், தண்ணீர் வற்றும் நேரத்தில் இழுப்பு இன்னும் அதிகம். அதனால் பாறையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் தள்ளி, மணலின் நடுப்பகுதியில் இறங்குங்கள். யாரையாவது இழுத்தால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துபோகக் கூடாது. மிதந்துகொண்டே கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு அகலமாக இருக்காது, கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் இரண்டு லாரி டியூபும் முப்பது மீட்டர் நைலான் கயிறும் கொண்டுபோகிறோம். ஒருமுறைகூட அவசரத்துக்குப் பயன்பட்டதில்லை. இருந்தாலும் அவை மணலில் கிடக்காமல் பிள்ளைகள் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் கடலில் இருக்கும்வரை பெரியவர்களில் ஒருவர் கரையில் நின்றபடி தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். கையில் போன் இருக்காது. அரை மணிக்கு ஒரு ஆள் மாறுவோம். குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, எண்ணவும் கூடாது. இதில் எங்களுக்குள் தயவுதாட்சண்யம் இல்லை.

கேரள மீனவர்கள் "கள்ளக்கடல்" என்று ஒன்றைச் சொல்வார்கள். காற்றும் இல்லை, மழையும் இல்லை, திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். தெற்கே வெகுதூரத்தில் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிட்ட அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் அது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டுபோனது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். டிசம்பரில் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கையை வெளியிடுகிறது, காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைவிடக் கரையில் வலை உலர்த்தும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. "இன்னைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் வேண்டாம்தான்.

காலில் திருக்கை முள் குத்தினால் பொறுக்க முடியாத வலி வரும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடந்தால் திருக்கை தானாக விலகிப் போய்விடும். பிள்ளைகளுக்கு இந்த நடை ஒரு விளையாட்டாகிவிடும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எழுதும்போதே நாக்கு ஊறுகிறது. காலை எட்டு மணிக்குத் தோப்பு ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்கும். ஸ்கூட்டருக்குப் பின்னால் பெட்டி கட்டி மீன் வரும். அயில என்பார்கள், அது நம் கானாங்கெளுத்தி. மத்தி நமக்கும் மத்திதான். அயக்கூறா வஞ்சிரம், ஆவோலி வவ்வால். இந்த நான்கு பெயரும் தெரிந்தால் போதும். நல்ல அயிலையைக் கையில் எடுத்தால் விறைப்பாக நிற்கும், முதுகில் பச்சையும் நீலமும் கலந்த வரிகள் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும், செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. வரிகள் மங்கிச் சாம்பல் தட்டியிருந்தால் நேற்றைய மீன். எங்களுக்குச் சமைக்கும் சேச்சி ஒரு மீனையும் பிரித்துப் பார்க்க மாட்டார், தூரத்திலிருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்த ஊருக்கே உரியது கல்லுமக்காய. பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும் கறுப்புச் சிப்பி; ஆட்கள் முங்கிப் பெயர்த்துக் கொண்டுவருவார்கள். ஊற வைத்த புழுங்கலரிசியைத் தேங்காய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம் சேர்த்துக் கெட்டியாக அரைத்துக்கொள்வார் சேச்சி. சிப்பியை உயிரோடு கத்தியால் நெம்பி, பாதி திறந்ததும் அந்த மாவைக் கட்டைவிரலால் திணித்து, ஆவியில் வேக வைப்பார். வெந்ததும் ஓட்டை உடைத்தால் சிப்பியின் வடிவத்திலேயே ஒரு கொழுக்கட்டை வரும். அதை மிளகாய்த்தூள் கரைசலில் பிரட்டித் தேங்காய் எண்ணெயில் பொரித்தால் அரிக்கடுக்க. ஐம்பது சிப்பி செய்ய மூன்று மணி நேரம் ஆகும். அதனால் இதை வாங்கிச் சாப்பிடாதீர்கள், வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து செய்யுங்கள். எங்கள் ஐந்து குடும்பமும் வருஷத்தில் ஒருமுறை முழுசாகப் பேசிக்கொள்வது அந்த மூன்று மணி நேரத்தில்தான். யார் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, யார் வேலையை விடப்போகிறார்கள் என்பதெல்லாம் கை முழுக்க அரிசி மாவோடு இருக்கும்போதுதான் வெளியே வரும்.

உங்கள் குழுவில் யாராவது மாலை போட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மண்டல காலம் டிசம்பர் 26, 27 வரை போகும், மகரவிளக்குக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகும் விரதம் இருப்பார்கள். எங்கள் நண்பன் ஒருவன் ஒரு வருஷம் அப்படி வந்தான். அவனுக்காக அடுப்பும் பாத்திரமும் தனியாக வைத்தோம், அறையும் தனியாகக் கொடுத்தோம். ஒரு சின்ன ஏற்பாடு செய்தால் அவனும் வரலாம். அதைச் செய்யாவிட்டால் அவன் வீட்டிலேயே தங்கிவிடுவான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தலைச்சேரிக்கு ஒருநாள் போய்வாருங்கள், தெற்கே இருபது கிலோமீட்டர் சுமார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அங்கேதான் வெந்தது என்பது ஊரின் பெருமை. 1883-இல் முர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி சீமையிலிருந்து கொண்டுவந்த கேக் ஒன்றை மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழச் சாராயம் சேர்த்துப் பாப்பு செய்து கொடுத்தாராம். இன்றைக்கும் தலைச்சேரி பேக்கரிகளில் அந்த வாரம் கேக் வாங்க வரிசை நிற்கும். போகிற வழியில்தான் முழப்பிலங்காடு, நான்கு கிலோமீட்டருக்குக் கடற்கரை மணலில் கார் ஓட்டலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, கார் போகும் இடத்தில் நண்டும் இல்லை, நிம்மதியும் இல்லை.

இதையெல்லாம் விட்டாலும் தெய்யத்தை விடாதீர்கள். ஒருவர் வேஷம் கட்டித் தெய்வமாகவே மாறி ஆடும் சடங்கு அது; ஆடுபவரையும் தெய்யம் என்றே சொல்வார்கள். துலாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது அக்டோபர் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை வட கேரளத்தின் காவுகளில், அதாவது தோப்புக் கோயில்களில், தெய்யம் ஆடும். டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் எங்காவது ஒரு காவில் இருக்கும். சேச்சியையோ ஆட்டோக்காரரையோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை நடப்பதுதான் அதன் அழகு. பிளாஷ் போடக் கூடாது, ஆடும் இடத்துக்குள் குறுக்கே நடக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளோடு இரவில் போக முடியாது என்றால் பரசினிக்கடவு முத்தப்பன் கோயிலுக்குப் போங்கள். வளபட்டணம் ஆற்றங்கரையில் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் தினமும் தெய்யம் உண்டு. வாசலில் வெண்கல நாய்கள் நிற்கும், உள்ளே உயிருள்ள நாய்கள் சுதந்திரமாகப் படுத்திருக்கும். முத்தப்பனுக்கு நாய் என்றால் பிரியம். பிரசாதமாக வேக வைத்த பயறும் தேங்காய்ப் பத்தையும் டீயும் கொடுப்பார்கள்.

முத்தப்பன் எல்லோரிடமும் பேசுவார். எங்கள் தோழி ஒருத்தி அந்த வருஷம்தான் அம்மாவை இழந்திருந்தாள். வர மாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தோம். வரிசையில் அவள் முறை வந்தபோது தெய்யம் அவள் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. மஞ்சளும் அரிசிமாவும் வியர்வையும் கலந்த வாசனை. குனிந்து அவளிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னது, ஒரு நிமிஷம் இருக்கும். அவளுக்கு மலையாளம் தெரியாது. என்ன சொன்னது என்று நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள், பல மாதத்துக்குப் பிறகு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். மீன், பால், ஆட்டோ எல்லாம் அதிலிருந்து. குழந்தைக்குப் பாதி, தனியாக வரும் நண்பருக்கு ஒரு பங்கு. சேச்சிக்குச் சம்பளத்தைப் பேரம் பேசாதீர்கள். கடலைப் பார்த்த அறையை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாளைத் திட்டமே இல்லாமல் விட்டுவிடுங்கள். அன்றைக்கு யார் தூங்கினாலும், யார் எங்கே போனாலும் கேள்வி இல்லை. ஆறு நாள் சேர்ந்தே இருந்தால் உயிர் நண்பர்களுக்குள்ளும் ஐந்தாம் நாள் ஒரு முறைப்பு வரும். அந்த ஒரு நாளால் எங்களுக்குள் அது வந்ததில்லை. முதல் தேதி கேரளத்தில் அரசு மதுக்கடை மூடியிருக்கும் என்பதையும் வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ரயில். சென்னை சென்ட்ரலில் இரவு மங்களூர் மெயில் ஏறினால் சேலம், ஈரோடு, ஷொரணூர், கோழிக்கோடு வழியாக மறுநாள் காலையில் கண்ணூர். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. சபரிமலைக் கூட்டமும் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் மலையாளிகளும் ஒன்றாகச் சேரும் வாரம் அது, திறந்த அன்றே டிக்கெட் போய்விடும். டிசம்பர் 24 ராத்திரி கிளம்புவதானால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு நான்கு வீட்டிலும் போனோடு உட்காருங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும், அதனால் யார் எந்தப் பெயர்களைப் போடுவது என்று முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கும் இதே மாதிரி தனியாக நாள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; நாங்கள் ஒரு வருஷம் அதை மறந்து, மூன்று பஸ் மாறிக் கோவை வந்து சேர்ந்தோம்.